ஊர்ப்பாட்டை மறவாத இசைமேதை



சிறுவயதிற் கேட்ட பாட்டு எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் நம்மை விட்டுப் போவதில்லை. விடியற்காலைப் பூசையில் அம்மம்மா பாடிய மாதா பாட்டு, தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிற் கேட்ட சிலுவைப்பாதை இராகம், நத்தார் நள்ளிரவில் ஆர்மோனியத்தோடு எழுந்த முதற் பாட்டு, இவற்றில் ஒன்று எதிர்பாராத வேளையிற் காதில் விழுந்தால் உங்கள் கண்கள் கலங்குவதில்லையா? அந்தக் காலத்துப் பாட்டு இந்தக் காலத்தில் எங்கே என்று பெருமூச்சு விடாத பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

பெருமூச்சு விடுவது பாவமன்று. ஆனால் பெருமூச்சோடு நின்றுவிடலாமா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையால் விடை தந்த ஒருவரை இவ்வாரம் உங்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன். இன்று செக் குடியரசு எனப்படும் நாட்டின் ஒரு பகுதியான பொகீமியாவிற் பிறந்த கத்தோலிக்கர் அவர். உலகப் புகழ் பெற்ற இசைமேதை. அவர் பெயர் அந்தோனின் துவோர்ஷாக்.

இறைச்சிக்கடை வீட்டுப் பிள்ளை

1841ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆம் திகதி, தேவதாயின் பிறப்பு விழாவன்று, பிராக் நகருக்கு வடக்கே ஆற்றோரம் அமைந்த நெலஹோசெவெஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை இறைச்சிக்கடையும் சத்திரமும் நடத்தி வந்தார். வீட்டுக்கு எதிரே புனித அந்திரேயா ஆலயம் இருந்தது. அங்கேயே குழந்தை ஞானஸ்நானம் பெற்றது.

அது செல்வம் மிகுந்த வீடன்று. ஆனால் இசை நிறைந்த வீடு. தந்தை சிதர் என்னும் தந்தி வாத்தியத்தை நன்கு வாசிப்பார். சத்திரத்தில் ஊர்க்காரர் கூடி ஆடிப் பாடுவர். அந்நாட்களில் பொகீமியக் கிராமங்களில் பள்ளி ஆசிரியரே பாட்டும் வாத்தியமும் கற்பிப்பார். ஞாயிற்றுக்கிழமையிற் கோயிற் பாடகர் குழுவை நடத்துபவரும் பெரும்பாலும் அவரே. ஸ்பிட்ஸ் என்னும் அத்தகைய ஆசிரியர் ஒருவரிடம் சிறுவன் வயலின் கற்றுக்கொண்டான். சத்திரத்து ஆட்டப் பாட்டும் கோயிற் பாட்டும் அந்தப் பிஞ்சு மனத்தில் ஒன்றாகப் பதிந்தன.

பன்னிரண்டு வயதளவில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்க ஸ்லோனிட்சே என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டான். அங்கே லீமன் என்னும் ஆசிரியர் ஓர்கன், வியோலா, பியானோ ஆகியவற்றையும் இசையிலக்கணத்தையும் கற்பித்தார். 1857இல் பிராக் நகரத்து ஓர்கன் பள்ளியிற் சேர்ந்த இளைஞர், 1859இல் படிப்பை முடித்தார். 1862 முதல் 1871 வரை நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வியோலா வாசித்தார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். அவ்விதம் கற்பித்த மாணவியருள் யோசெபினா என்பவரிடம் அவர் மனம் சென்றது, அவரோ இசையவில்லை. யோசெபினாவின் தங்கை அன்னாவை அவர் 1873இல் மணந்தார். அந்த மணவாழ்க்கை அவருடைய மரணம் வரை முப்பது ஆண்டுகள் நிலைத்தது. 1874 முதல் மூன்றாண்டுகள் பிராக்கிலுள்ள புனித அடல்பேர்ட் ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பவராகவும் பணிபுரிந்தார்.

வியாகுலத்திற் பிறந்த இசை

வாசகரே, மகிழ்ச்சியில் மட்டும் இறைவனை நினைத்தவர் என்று இவரை எண்ணிவிடாதீர்கள். 1875இல் பிறந்த மகள் யோசெபா இரண்டே நாட்களில் இறந்தாள். அடுத்த ஆண்டில், வியாகுல மாதா சிலுவையடியில் நின்றதைப் பாடும் பழைய இலத்தீன் கீதத்துக்கு அவர் இசையமைக்கத் தொடங்கினார். சிலுவைப்பாதையில் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் செல்லும்போது பாடப்படும் ஸ்தாபாத் மாத்தேர் என்னும் கீதந்தான் அது. முதல் வரைவை எழுதிய பின் அதனை ஒருபுறம் வைத்துவிட்டார்.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஒரு வயதும் நிரம்பாத மகள் ருசேனா, தீப்பெட்டி செய்யப் பயன்படும் பொஸ்பரஸ் கலந்த நஞ்சைத் தவறுதலாகக் குடித்து இறந்தாள். நான்கு வாரங்களுள் மூன்று வயது மகன் ஒத்தகாரை அம்மை நோய் கொண்டுபோயிற்று. அவன் இறந்த நாள் செப்ரெம்பர் 8, தந்தையின் பிறந்த நாள். பிள்ளைகளின் குரல் நின்றுபோன வீட்டில் அந்தத் தந்தை, ஒருபுறம் வைத்திருந்த தாள்களை மீண்டும் எடுத்தார். இரண்டு மாதங்களில் வேலை முடிந்தது. 1884இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அவரே முன்நின்று அதை நடத்தினார். ஆங்கிலேயர் அவரைக் கொண்டாடினர்.

இதற்கிடையில், ஜேர்மன் இசைமேதை பிராம்ஸ் அவருடைய திறமையைக் கண்டு, ஒரு பதிப்பாளரிடம் பரிந்துரைத்தார். 1878இல் வெளிவந்த ஸ்லாவிய நடனங்கள் என்னும் படைப்பு அவர் பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியது. அதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஊர்ப் பாட்டுகளை எடுத்து அப்படியே அவர் எழுதி வைக்கவில்லை. அவற்றின் தாளத்தையும் உயிரையும் கொண்டு, தாமே புதிய இராகங்களை ஆக்கினார். பழையதை அவர் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை, விதைநெல்லாக வைத்திருந்தார்.

கடலுக்கு அப்பால்

1892இல் நியூயோர்க்கிலுள்ள தேசிய இசைக் கல்லூரியின் தலைவராக வரும்படி அதன் நிறுவுநர் தேர்பர் அம்மையார் அழைத்தார். ஆண்டுச் சம்பளம் 15,000 டொலர். பிராக்கில் அவர் பெற்றதைவிடப் பன்மடங்கு. குடும்பத்தவரைக் கலந்து பேசியே ஒப்புக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளில் இருவரும் உடன் சென்றனர்; மற்ற நால்வரும் ஊரில் விடப்பட்டனர். பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் பெற்றோரின் மனம் எப்படிப்பட்டது என்பதை உங்களிற் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓய்வு நேரங்களில் அவர் துறைமுகத்துக்குச் சென்று, ஐரோப்பாவுக்குப் புறப்படும் கப்பல்களைப் பார்த்து நிற்பார்.

ஊர் நினைவு சிலரைப் பிறர்மேல் வெறுப்புக் கொள்ளச் செய்யும். இவரையோ அது பிறரின் பாட்டுக்குச் செவிசாய்க்க வைத்தது. அந்தக் கல்லூரியில் ஹரி பேர்லி என்னும் கறுப்பின மாணவர் படித்தார். அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர் அவருடைய பாட்டனார். கண்பார்வை இழந்த அம்முதியவரிடமிருந்தே அடிமைகளின் பக்திப் பாடல்களைப் பேரன் கற்றிருந்தார். துவோர்ஷாக் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்பார். அமெரிக்க இசையின் எதிர்காலம் இந்தப் பாடல்களின்மேல் எழுப்பப்பட வேண்டும் என்று 1893இல் பத்திரிகை வாயிலாகவே கூறினார். கறுப்பின மக்களை இழிவாக நடத்திய அந்நாட்டில் அக்கூற்றுப் பெரும் வாதத்தை எழுப்பியது. தம் பாட்டனாரிடம் கற்ற பாடல்களை பேர்லி பின்னர் இசையமைத்து அச்சேற்றினார். தன் ஊர்ப்பாட்டை உண்மையாக நேசிப்பவனே அயலவனின் பாட்டையும் மதிக்கக் கூடியவன்.

மௌனமாய் இருந்த பூசையிற் பாட்டு

அந்த ஆண்டு கோடை விடுமுறையில், அவருடைய உதவியாளரான கோவர்ஷீக் என்னும் இளைஞர், அயோவா மாநிலத்தில் தாம் பிறந்த ஸ்பில்வில் என்ற கிராமத்தைப்பற்றிக் கூறினார். பொகீமியாவிலிருந்து சென்று குடியேறியவர்களின் கிராமம் அது. தங்கள் நாட்டுப் பாதுகாவலர் புனித வென்செஸ்லாசின் பெயரால் 1860இல் அங்கே கோயில் கட்டியிருந்தார்கள். ஊரிலிருந்த பிள்ளைகளையும் வரவழைத்து, குடும்பம் முழுவதையும் அழைத்துக்கொண்டு துவோர்ஷாக் புகையிரதத்திற் புறப்பட்டார். ஜூன் 5ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்.

மறுநாட்காலை நேரத்தோடு எழுந்து ஓடைக்கரையில் உலாவினார். பல மாதங்களின் பின் பறவைகளின் குரலைக் கேட்டார். பின்னர் காலைப் பூசைக்குச் சென்றார். கோயிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். அங்கே கிழமை நாட்பூசை பாட்டில்லாமலே நடப்பது வழக்கம். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேரே ஓர்கனுக்கு முன் அமர்ந்து, தாம் சிறுவயதிற் கேட்ட பழைய செக் மொழிப் பூசைப் பாட்டொன்றை வாசிக்கத் தொடங்கினார். முதியவர்கள் திகைத்தார்கள். பின்னர் ஒவ்வொருவராகப் பாடத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் கோயில் முழுவதும் ஒரே குரலாயிற்று.

அந்தக் காட்சியை ஒருகணம் மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். அந்த முதியவர்களுக்கு அப்பாட்டு மறந்துபோகவில்லை. அது நெஞ்சுக்குள்ளேதான் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவர் இல்லாத குறையே அன்றி வேறில்லை. உலகப் புகழ் பெற்ற மனிதர் அந்தச் சிறு கோயிலில் செய்தது அவ்வளவுதான்: எடுத்துக் கொடுத்தார். கோடை முழுவதும் காலைப் பூசைக்கு ஓர்கன் வாசித்தார்.

அந்த மகிழ்ச்சியில் அவர் இசையும் பெருகியது. வந்து மூன்றாம் நாள் தொடங்கிய நால்வர் வாத்திய இசை மூன்றே நாட்களில் வரைவாகி, ஜூன் 23ஆம் திகதி முழுமை பெற்றது. அமெரிக்கக் குவாட்டெற் என்று இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. தம் கையெழுத்துப் பிரதிகளை முடிக்கும்போது இறைவனுக்கு நன்றி என்று தம் தாய்மொழியில் எழுதுவது அவர் வழக்கம். அந்த வரைவின் முடிவிலும் நன்றியை எழுதினார்.

புதிய உலகிலிருந்து என்னும் அவருடைய சிம்பனி அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் திகதி நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியின் உருக்கமான இராகத்துக்கு, அவருடைய மாணவர் ஒருவர் 1922இல் வீடு திரும்புதலைப் பற்றிய ஆங்கிலப் பாட்டை எழுதிச் சேர்த்தார். அது ஒரு பழைய பக்திப் பாடல் என்றே எண்ணுவோர் பலர். அதே குளிர்காலத்தில், மகள் ஒத்திலியும் மகன் அந்தோனினும் வீட்டிலிருந்து வாசிப்பதற்கென ஓர் எளிய இசைப் படைப்பை அவர் எழுதினார். அது தம்முடைய நூறாவது படைப்பாக வரவேண்டும் என்று விரும்பி, பிள்ளைகளுக்கே அதைக் காணிக்கையாக்கினார். பெரிய மண்டபத்தின் கைதட்டலுக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பயிற்சிக்கும் ஒரே உள்ளத்தோடு உழைத்தார்.

ஆறாத ஏக்கம்

இவ்வளவு செய்தும் ஊரேக்கம் அவருக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை, வாசகரே. 1894 மார்ச் மாதத்தில், வேதாகமச் சங்கீதங்களுட் சிலவற்றைத் தெரிந்து தம் தாய்மொழியிற் பத்துப் பாடல்களை அமைத்தார். அவற்றுள் ஒன்று, அடிமைப்பட்டுப் போன இஸ்ராயேலர் பாபிலோன் ஆற்றோரம் அமர்ந்து சீயோனை நினைத்து அழுத 137ஆம் சங்கீதம். அப்பாடல்கள் முடிந்த சில நாட்களில், மாதக் கடைசியில், தந்தை ஊரில் இறந்தார். சிதர் வாசித்துக் காட்டிய அந்தத் தந்தையின் அடக்கத்துக்கு மகன் போகக் கடல் குறுக்கே கிடந்தது.

அந்த ஆண்டுக் கோடையில் ஊர் வந்தபோது, தம் விசோக்கா கிராம வீட்டுக்கு அருகிலுள்ள திரெப்ஸ்கோ கோயிலுக்குப் புதிய ஓர்கன் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்.

மறுபடியும் நியூயோர்க் சென்றிருந்தபோது, மைத்துனி யோசெபினா கடும் நோயுற்ற செய்தி வந்தது. அப்போது செல்லோ வாத்தியத்துக்கான பெரும் படைப்பொன்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். யோசெபினா விரும்பிக் கேட்கும் தம்முடைய பழைய பாட்டொன்றின் இராகத்தை அதன் நடுப்பகுதியில் இழைத்தார். 1895 ஏப்ரலில், ஊரைப் பிரிந்திருக்க இயலாமல், அமெரிக்காவை விட்டுத் திரும்பினார். அடுத்த மாதம் யோசெபினா இறந்தார். முடிந்திருந்த படைப்பின் இறுதியை அவர் மாற்றி எழுதி, அந்தப் பழைய பாட்டு மீண்டும் மெல்ல ஒலித்து அடங்கும்படி செய்தார். 1896இல் லண்டனில் அது அரங்கேறியபோது, கேட்க வேண்டியவர் உயிரோடு இல்லை.

துவோர்ஷாக் 1904ஆம் ஆண்டு மே 1ஆம் திகதி பிராக்கில் தம் 62ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு ஒரு கேள்வி

வாசகரே, இந்த வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்குமுன் சற்றுச் சிந்தியுங்கள். உங்கள் நெஞ்சிலும் பழைய பாட்டுகள் இருக்கின்றன. அவற்றை உங்களுக்குக் கற்பித்தவர்களிற் பலர் இன்று இல்லை. பங்குக் கோயில்களை விட்டு இடம்பெயர்ந்தவர்களும், ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் பிள்ளைகளை வளர்ப்பவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. அங்குள்ள பேரப்பிள்ளைக்கு அம்மம்மாவின் மாதா பாட்டைத் தொலைபேசியிலாவது யார் சொல்லிக் கொடுப்பது? இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டில் நாட்டமில்லை என்று குறைகூறும் நாம், ஒரு பாட்டையேனும் அவர்களோடு உட்கார்ந்து பாடியதுண்டா? அவர்கள் கொண்டுவரும் புதுப்பாட்டுக்கு நாம் செவிகொடுத்ததுண்டா?

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டொன்றைப் பாடத் தொடங்குங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. வீட்டிலுள்ள வயதானவருக்கு அது பிடித்த பாட்டாயின், அவர் கேட்கும் காலத்திலேயே பாடுங்கள். ஸ்பில்வில் கோயிலில் முதலில் அவர்கள் திகைத்தார்கள், பின்னர்தான் பாடினார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கலாம். முடிவில் அந்த இசைமேதையைப் போல் இறைவனுக்கு நன்றி சொல்ல மறவாதீர்கள்.