பெட்டியில் பெயர் இல்லாத பிக்ஸி

டாரட் கார்டை சிலுவை மாதிரி பரப்பி வைத்துப் பலன் சொல்வதை ரீல்ஸிலாவது பார்த்திருப்பீங்க. ரொம்ப சிம்பிளான முறைக்கு ஐந்து கார்டு போதும். கட்டை நல்லா கலைத்துவிட்டு நடுவில் ஒன்று வைக்கணும், அது இப்போதைய நிலைமை. இடப்பக்கம் வைப்பது நடந்து முடிந்தது, வலப்பக்கம் வைப்பது வரப்போவது. கீழே இருப்பது விஷயத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரணம். மேலே இருப்பது இதிலிருந்து அதிகபட்சம் என்ன கிடைக்கலாம் என்பது. மேல், கீழ் அர்த்தத்தை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வாங்க. அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் பழகிடலாம்.

எதிர்காலம் கார்டில் தெரியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலிலேயே சொல்லிடறேன். ஆனால் அந்தப் படங்களை வரைந்தவரின் கதையைப் படித்த பிறகு, எங்கே டாரட் கார்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் ஓரத்துக்குத்தான் போகுது. கொடி மாதிரி பின்னிக்கொண்ட மூன்று எழுத்து அங்கே இருக்கும்: பி, சி, எஸ். பமீலா கோல்மன் ஸ்மித்.

1878 பிப்ரவரி 16-இல் லண்டனில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் அமெரிக்கர்கள். குழந்தைப் பருவம் மான்செஸ்டரில். பிறகு ஜமைக்காவில் ரயில் பாதையை நீட்டிக்கொண்டிருந்த கம்பெனியில் அப்பாவுக்கு வேலை கிடைக்க, குடும்பம் கிங்ஸ்டனுக்குப் போனது. 15 வயதில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பிராட் இன்ஸ்டிடியூட்டில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஆர்தர் வெஸ்லி டவ் என்ற ஆசிரியர் ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களைக் காட்டிப் பாடம் நடத்தியவர். அழுத்தமான கோடு, நடுவே தட்டையான வண்ணம் என்ற அந்தப் பாணியை இன்றும் கார்டுகளில் பார்க்கலாம். 1896-இல் அம்மா இறந்துபோனார். அடுத்த வருஷம் டிகிரி வாங்காமலே பமீலா வெளியே வந்துவிட்டார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் காரணமாகக் காட்ட வேண்டாம்.)

1899-இல் ஜமைக்காவில் கேட்ட அனான்சி என்னும் சிலந்தியின் தந்திரக் கதைகளை, அந்த ஊர்ப் பேச்சு மொழியிலேயே எழுதி, படமும் போட்டுப் புத்தகமாக்கினார். அதே வருஷம் அப்பாவும் போய்விட்டார். வயது 21. சொந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை.

அவரைத் தாங்கிக்கொண்டது நாடக உலகம். லண்டன் லைசியம் தியேட்டரின் பெரிய நடிகை எலன் டெரி இவரைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி சேர்த்துக்கொண்டார். பிக்ஸி, அதாவது குறும்புக்காரக் குட்டித் தேவதை என்ற செல்லப்பெயர் அங்கே வந்ததுதான். டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அந்தத் தியேட்டரின் மேனேஜர். இந்தக் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார், மேடைக்கும் உடைக்கும் டிசைன் போட்டார். அவர் வரைந்த சில கார்டுகளில் ஆட்கள் மேடைப் பலகையில் நிற்பது போலவும், பின்னால் காட்சித் திரை தொங்குவது போலவும் இருப்பது சும்மா இல்லை.

1903-இல் தானே ஒரு இதழ் தொடங்கினார், பெயர் 'தி கிரீன் ஷீஃப்'. படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார். 13 இதழோடு நின்றுபோனது. ஒவ்வொரு மாசமும் மேட்டர் கேட்டு ஜூனியர்களைத் துரத்தும் எங்களுக்கு இந்த 13 பெரிய நம்பராகத்தான் தெரியுது. 1907-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் கேலரியில் அவருடைய கண்காட்சி நடந்தது. அதுவரை புகைப்படங்களை மட்டுமே மாட்டிய சுவர் அது. ரோடன், மட்டீஸ் போன்றவர்களின் படைப்புகள் அங்கே வந்ததெல்லாம் இவருக்குப் பிறகுதான்.

இவ்வளவு பேர் வாங்கியும் கையில் காசு நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் டாரட் வந்தது. 1901-இலேயே அவர் 'கோல்டன் டான்' என்ற மறைஞான சங்கத்தில் சேர்ந்திருந்தார். அங்கே பழக்கமான ஆர்தர் எட்வர்ட் வெயிட், 1909-இல் ஒரு முழுக் கட்டும் வரைந்து தரச் சொன்னார். 78 கார்டு!

இங்கே கொஞ்சம் நிற்போம். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. குறி சொல்லும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் பரவியதுதான். 22 பெரிய கார்டுகளிலும் ராஜா, ராணி கார்டுகளிலும் படம் இருக்கும். மீதி 40 எண் கார்டுகளில் பெரும்பாலும் வாளோ, கோப்பையோ, காசோ, கோலோ அந்த எண்ணிக்கைக்கு வரிசையாக இருக்கும். நம்ம சீட்டுக்கட்டில் ஏழு ஆர்ட்டின் இருப்பது போல. அதைச் சிலுவையாக வைத்தால் புதுசா வருகிறவருக்கு என்ன புரியும்? எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணணும்.

பமீலா அந்த 40-க்கும் காட்சி வரைந்தார். வாள் மூன்று என்றால் மழையில் மூன்று வாள் குத்திய ஒரு இதயம். காசு ஐந்து என்றால் வெளிச்சமான தேவாலய ஜன்னலுக்கு வெளியே, பனியில் நடக்கும் இரண்டு ஏழைகள். வாள் ஆறு, ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் படகு. இந்த மூன்றையும் இடம், நடு, வலம் என்று சிலுவையில் வைத்துப் பாருங்க. யாரும் சொல்லித் தராமலே ஒரு கதை ஓடும். 15-ஆம் நூற்றாண்டு இறுதியில் உருவான 'சோலா புஸ்கா' என்ற இத்தாலியக் கட்டில் ஏற்கெனவே எண் கார்டுகளுக்குப் படங்கள் இருந்தன. அதன் புகைப்படங்களை அவர் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாள் குத்திய இதயம் அங்கேயும் உண்டு. வெயிட்டின் அக்கறை பெரும்பாலும் 22 பெரிய கார்டுகளில்தான். சின்னக் கார்டுகளில் இவருக்கு நிறையச் சுதந்திரம் கிடைத்தது என்றும் சொல்கிறார்கள்.

சுமார் ஆறு மாசத்தில் முடித்தார். பெரிய வேலை, ஆனால் பணம் ரொம்பக் கொஞ்சம் என்று அந்த நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். ராயல்டி எதுவும் கிடையாது. டிசம்பரில் வில்லியம் ரைடர் கம்பெனி கட்டை வெளியிட்டது. கூடவே வந்த வெயிட்டின் புத்தகத்தில் பத்துக் கார்டுச் சிலுவை முறை இருந்தது: நடுவில் ஒன்று, அதன்மேல் குறுக்கே ஒன்று, நாலு திசையில் நாலு, பக்கத்தில் தூண் மாதிரி நாலு. நம்ம ஐந்து கார்டுச் சிலுவை கிட்டத்தட்ட அதன் நடுப்பகுதிதான். கட்டுக்கு நிலைத்த பெயர் ரைடர்-வெயிட். அச்சடித்தவர் பெயர் உண்டு, ஐடியா கொடுத்தவர் பெயர் உண்டு. குரூப் பிராஜெக்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோடு எழுதிவிட்டு, காலையில் முதல் ஸ்லைடில் தன் பெயரைத் தேடியவர்களுக்கு இது புரியும்.

1911-இல் அவர் கத்தோலிக்கரானார். முதல் உலகப் போருக்குப் பிறகு ஒரு மாமாவின் சொத்து கொஞ்சம் வந்தது. அதை வைத்து கார்ன்வாலின் தென்கோடியான லிசர்டில் ஒரு வீடு எடுத்து, பாதிரியார்கள் வந்து ஓய்வெடுக்கும் விடுதியாக நடத்தினார். வரைவதை விடவில்லை. வாங்கத்தான் ஆள் குறைந்துகொண்டே போனது. 1951 செப்டம்பர் 18-இல் பியூட் என்ற ஊரில் இறந்தபோது கடன் மிச்சம். கூடவே வாழ்ந்த தோழிக்கு எழுதி வைத்திருந்த சாமான்களும் படங்களும் ஏலத்துக்குப் போய், கடனை அடைத்தன.

இருபது வருஷம் கழித்து அமெரிக்காவில் அந்தக் கட்டு மறுபடி அச்சாகி லட்சக்கணக்கில் விற்க ஆரம்பித்தது. இப்போது பலர் ரைடர்-வெயிட்-ஸ்மித் என்று மூன்றாவது பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 2009-இல் நூற்றாண்டுக்காக வந்த பதிப்பில் ஸ்மித்-வெயிட் என்று அவர் பெயர் முதலில் வந்தது. அவருடைய கல்லறை எது என்பதுதான் இன்னும் யாருக்கும் தெரியாது.