முதல் பட்ஜெட் தந்த கோவைத் தமிழர்
ஆர்.கே. சண்முகம் செட்டியார்

மலர்க்குழு நண்பர்கள் இந்தச் சந்திப்பு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். காந்தியடிகள், காமராசர், நம்ம திண்டிவனம் மண்ணின் ஓமந்தூரார் எல்லோரையும் போன மலர்களிலேயே எழுதிவிட்டார்கள். வணிகவியல் படித்தவன், அதிலும் கருவூலத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், கணக்கு சம்பந்தப்பட்ட ஒருவரை எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு என்றதும் எனக்கு நினைவு வந்தவர் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர். முதல் பட்ஜெட்டைப் படித்தவர். நம் தமிழர்.

இன்றைக்கு இந்தப் பேரைச் சொன்னால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு மார்க் கேள்விக்கான விடையாக ஒப்பிப்பார்கள். அதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் நாட்டின் வரவு செலவை ஒரு சபை எப்படிப் பேசி, எப்படி அனுமதிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தாலே போதும். பட்ஜெட்டை எதிர்க்கிற பெஞ்சிலும் உட்கார்ந்தார், சபையை நடத்துகிற நாற்காலியிலும் உட்கார்ந்தார், பட்ஜெட்டைப் படிக்கிற இடத்திலும் நின்றார். கடைசியில் அதே சபை கேட்ட கேள்விக்காகப் பதவியை விட்டும் போனார்.

சண்முகம் செட்டியார் 1892 அக்டோபர் 17-இல் கோயம்புத்தூரில் பிறந்தார். நெசவாலைத் தொழிலில் இருந்த குடும்பம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். கோவை நகரசபையில் ஆரம்பித்து, 1920-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராகி, பிறகு டில்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். சுயராஜ்யக் கட்சியில் அங்கே கொறடாவாகவும் இருந்தார்.

அந்தக் காலத்துச் சபையின் நிலைமையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1919-ஆம் வருஷத்துச் சட்டப்படி செலவுகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ராணுவச் செலவு, கடனுக்கான வட்டி, பெரிய அதிகாரிகளின் சம்பளம் இதெல்லாம் ஓட்டுக்கே வராது. மிச்சம் இருப்பதற்கு மட்டும்தான் உறுப்பினர்கள் ஓட்டுப் போடலாம். அதையும் அவர்கள் வேண்டாமென்று தள்ளினால், வைசிராய் கையெழுத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். 1924-இல் மோதிலால் நேரு தலைமையில் உறுப்பினர்கள் முதல் சில மானியங்களைத் தள்ளுபடி செய்தார்கள். நிதி மசோதாவையும் ஏற்க மறுத்தார்கள். வைசிராய் ரீடிங் பிரபு தமது தனி அதிகாரத்தால் அதை நிறைவேற்றிக்கொண்டார். அதாவது, பூட்டு சபையின் கையில், சாவி வைசிராயின் கையில்! அப்படியும் வருஷா வருஷம் நம்மவர்கள் விடாமல் பேசினார்கள், வெட்டுப் பிரேரணை கொடுத்தார்கள். பணம் நிற்காது என்று தெரிந்தே ஓட்டுப் போட்டார்கள். பணம் கொடுக்கிறவனுக்குக் கேள்வி கேட்கிற உரிமை உண்டு என்பதை நாட்டுக்குச் சொல்லத்தான் அந்தப் பாடு. சண்முகம் செட்டியார் பட்ஜெட் அரசியலைக் கற்றுக்கொண்டது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

பிறகு அந்தச் சபைக்கே துணைத் தலைவராகி, 1933-இல் தலைவரும் ஆனார். இப்போது சபாநாயகர் என்கிறோமே, அந்தப் பதவி. விட்டல்பாய் படேல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் உட்கார்ந்தார். ஆனால் அரசியல் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1932-இல் ஒட்டாவாவில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருளாதார மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போய்வந்தார். அடுத்த வருஷம் சர் பட்டமும் வந்தது. காங்கிரஸ்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றுப்போனார்.

தோற்றவர் சும்மா இருந்துவிடவில்லை. 1935-இலிருந்து 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்குத் திவான். கொச்சித் துறைமுகம் வளர்ந்த காலம் அது. 1938-இல் மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்குப் பொறுப்பான மந்திரி ஒருவரிடம் சில துறைகளை ஒப்படைத்தது கொச்சி. சமஸ்தானங்களில் அது ஒரு புதுமை. 1944-இல் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் உலக வங்கிக்கும் சர்வதேச நிதியத்துக்கும் அஸ்திவாரம் போட்ட மாநாடு நடந்தபோது, இந்தியக் குழுவில் அவரும் இருந்தார்.

1947 ஆகஸ்ட் 15. நேருவின் மந்திரிசபையில் நிதி இலாகா யாருக்கு? காங்கிரசை எதிர்த்து நின்று தோற்ற இந்தச் சண்முகம் செட்டியாருக்கு! அம்பேத்கரைப் போல இவரும் காங்கிரஸ்காரர் அல்லாத அமைச்சர். கட்சியைவிடக் கணக்கு தெரிந்தவர் முக்கியம் என்று நினைத்த காலம். அதே சமயம் சென்னைக் கோட்டையில் முதல்வராக இருந்தவர் நம்ம ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். டில்லியில் ஒரு தமிழர் கஜானாவைப் பார்க்க, சென்னையில் நம் பக்கத்து ஊர்க்காரர் ராஜ்யத்தைப் பார்த்தார் என்பது கூட்டேரிப்பட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம்.

1947 நவம்பர் 26-இல் முதல் பட்ஜெட். அப்போது லோக்சபா ஏது? அரசியல் நிர்ணய சபையே சட்டமன்ற வேலையையும் சேர்த்துப் பார்த்தது. மவ்லங்கர் சபாநாயகர். அந்தக் கணக்கு முழு வருஷத்துக்கும்கூட இல்லை. ஆகஸ்ட் 15-லிருந்து 1948 மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கு மட்டும். வரவு 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி. துண்டு விழுந்தது 26.24 கோடி. பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி, ஏறக்குறைய பாதி. பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த லட்சக்கணக்கான அகதிகள், உணவுத் தட்டுப்பாடு, காஷ்மீரில் சண்டை. இத்தனைக்கும் நடுவில் போட்ட பட்ஜெட் அது. அடுத்து 1948 பிப்ரவரி 28-இல் முழு ஆண்டுக்கான பட்ஜெட்டையும் அவரே கொடுத்தார்.

அவர் பேசியதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது தொகை அல்ல. சபை வேண்டாம் என்று சொன்னால் திரும்பக் கொண்டுவர வைசிராய் இல்லாத முதல் பட்ஜெட் அது. சாவி சபைக்கு வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் எதிர்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர், இப்போது பதில் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டார்.

இன்றைக்கு நடக்கிற முறையையும் இளைய நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1950-இல் வந்த அரசியல் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பட்ஜெட்டை வாசித்த பிறகு முதலில் பொது விவாதம். பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள். 1993-லிருந்து நிலைக்குழுக்கள் இவற்றை உட்கார்ந்து பார்த்து அறிக்கை தருகின்றன. லோக்சபா உறுப்பினர்தான் மானியத்துக்கு ஓட்டுப் போட முடியும். ராஜ்யசபா பேசலாம், ஓட்டு இல்லை. உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் தொகையை 1 ரூபாயாகக் குறை என்பார். ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் 100 ரூபாய் குறை என்பார். சிக்கனம் வேண்டுமென்றால் இன்ன தொகையைக் குறை என்பார். அந்த 100 ரூபாய்த் தீர்மானம் ஜெயித்துவிட்டால் சர்க்காரே ஆட்டம் கண்டுவிடும்! மானியம் எல்லாம் முடிந்ததும் நிதி ஒதுக்கச் சட்டம். அது இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. வரி போடுவதற்கு நிதி மசோதா. ராஜ்யசபா 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

இதெல்லாம் டில்லி சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். மார்ச் 31 ராத்திரி கருவூலத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சபை அந்த வருஷத்துக்கு அனுமதித்த பணம் அன்றோடு காலாவதி. கட்டு கட்டாகப் பட்டியல் வரும், கணக்குத் தலைப்பு தப்பாக இருந்தால் பாஸ் பண்ண முடியாது. கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இறங்கி மயிலத்துக்குப் போகிறோமே, அந்த ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்தினாலும், மயிலம் ஸ்டேஷனில் ஒரு விளக்கு போட்டாலும், அதற்கு எங்கேயோ ஒரு மானியத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும். 2016 வரை ரயில்வேக்குத் தனி பட்ஜெட்டே இருந்தது.

சண்முகம் செட்டியார் பதவியில் இருந்தது ஒரு வருஷம்தான். வருமான வரி ஏய்ப்பை விசாரிக்க ஒரு விசாரணைக் குழு இருந்தது. அதற்கு அனுப்பிய பேர்களில் சில நீக்கப்பட்ட விவகாரம் சபையில் கிளம்பியது. அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். 1948 ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்தார். அடுத்து ஜான் மத்தாய் வந்தார். இந்த முடிவு அவர் வாழ்க்கையில் ஒரு கறை என்று சொல்வோர் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வைசிராய் காலத்து நிதி உறுப்பினரை எந்தச் சபையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. சுதந்திரம் வந்து ஒரே வருஷத்தில், கேள்வி கேட்டால் நிதி அமைச்சரும் போக வேண்டும் என்றாகிவிட்டது. எதிர்வரிசையில் இருந்தபோது அவர் எந்த அதிகாரத்துக்காக ஓட்டுப் போட்டாரோ, அதே அதிகாரம் அவர் மேலேயே பாய்ந்தது. சபை உயிரோடு இருந்தது என்று அர்த்தம்.

பதவி போனபின் தமிழ்ப் பக்கம் இன்னும் நெருங்கினார் என்பார்கள். தமிழில் பற்று அவருக்கு முன்பே உண்டு. தமிழிசை இயக்கத்தில் முன்நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். கோடிக் கணக்கையும் கண்ணகியையும் ஒருசேரப் பார்த்த மனிதர். 1953 மே 5-இல் காலமானார்.

கடைசியாக, மனசை உறுத்துகிற ஒரு விஷயம். 2018 மார்ச்சில் லோக்சபாவில் அமளிக்கு நடுவே எல்லா மானியங்களும் விவாதமில்லாமல் ஒரே வீச்சில் நிறைவேறின. 2023 மார்ச் 23-லும் அப்படியே. இரு தரப்பும் கூச்சல் போட, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியங்கள் பேச்சில்லாமல் போயின. மிச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரே ஓட்டில் முடிப்பதைக் கில்லட்டின் என்பார்கள். நேரம் போதாதபோது அது தேவைதான். ஆனால் மிச்சத்துக்கு இருந்த கத்தி முழுசுக்கும் இறங்கலாமா? வெறும் 197 கோடிக்குப் பதில் சொன்னது ஒரு சபை. நிற்காது என்று தெரிந்தும் வைசிராயின் பட்ஜெட்டுக்கு எதிராக ஓட்டுப் போட்டது அதற்கும் முந்தின சபை. சாவி கைக்கு வந்தபின் பூட்டைத் திறந்துகூடப் பார்க்காவிட்டால், அவர்கள் பட்ட பாடு என்னாவது?

டில்லியை மட்டும் சொல்வானேன், நம்ம சங்கப் பொதுக்குழுவையே எடுத்துக்குவோம். பொருளாளர் வரவு செலவு வாசிக்க எழுந்தால், சாப்பாடு ஆறிப்போகுதுன்னு கைதட்டி நிறைவேற்றிடுறோம். அதுவும் கில்லட்டின்தான்! இந்த வருஷமாவது ஆளுக்கொரு கேள்வி கேட்போம். பொருளாளர் நண்பர் கோவிச்சுக்க மாட்டார். முன்பு விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியிருக்கிற நம்ம பகுதி திண்டிவனம் தொகுதியாக இருந்தது, 2009-லிருந்து பெரும்பாலும் விழுப்புரம் தொகுதி. நம்ம எம்.பி. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஊருக்கு வரும்போது எந்த மானியத்தில் பேசினீங்கன்னு மரியாதையாக ஒரு வார்த்தை கேட்போம். சண்முகம் செட்டியாருக்கு நாம் செய்யக்கூடிய நினைவஞ்சலி அதுதான் என்பது என் தாழ்மையான எண்ணம்.