ரிக்கெட்ஸ் பெருமகனார்

போர்க்களத்தில் உயிர்நீத்த வீரரை உலகம் எளிதில் மறப்பதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பகையோடு பொருது மாண்டவரை நினைப்போர் சிலரே. அத்தகையாருள் ஒருவர் ஹவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்.

இவர் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9ஆம் நாள் ஒஹையோ மாகாணத்துப் பின்ட்லே என்னும் ஊரில் பிறந்தார். நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் 1894இல் பட்டம் பெற்று, நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையில் மருத்துவம் பயின்று 1897இல் தேறினார். 1902இல் சிக்காகோ சர்வகலாசாலையில் நோயியல் ஆசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில் மான்டானா மாகாணத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கை ஒரு கொடிய ஜுரம் வாட்டி வந்தது. மேனியெங்கும் செம்புள்ளிகள் தோன்றும். நோயுற்றோருள் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வசந்தத்தில் தோன்றிக் கோடை முற்றியதும் அது மறையும். ஆற்றின் மேற்குக் கரையாரையே பெரிதும் பற்றும். மலையினின்று உருகிவரும் பனிநீரே காரணமென்று பலர் கருதினர். வில்ஸன், சௌனிங் என்னும் இருவர் 1902இல் உண்ணியின்மேல் ஐயங்கொண்டனர். எனினும் அது மெய்ப்பிக்கப்படவில்லை.

1906இல் ரிக்கெட்ஸ் மிஸூலா நகரஞ் சென்று, மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, அதையே ஆராய்ச்சிச் சாலையாகக் கொண்டார். நோயாளியின் இரத்தத்தைச் சீமைப் பெருச்சாளிகளின் உடலிற் செலுத்த, அவையும் நோயுற்றன. நோயுற்ற பிராணியின்மேல் ஓர் உண்ணியை விட்டு இரத்தங் குடிக்கச் செய்து, பின்னர் அதையே நலமுள்ள பிராணியின்மேல் விட்டார். அதற்கும் ஜுரங் கண்டது. பள்ளத்தாக்கிற் பிடித்த உண்ணிகளிலும் நோய் இருத்தலைக் கண்டார். தாயின் முட்டை வழியே குஞ்சுகளுக்கும் அது செல்லுதலை நிறுவினார்.

இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. நோய்க்கு ஒரு பருவமும் ஓரிடமும் அமைந்தது ஏன் என்பதற்கு விடையை, உண்ணியின் வாழ்க்கையிலும் அதைத் தாங்கும் காட்டுப் பிராணிகளிடத்தும் தேடினார். அவரும் அவர்க்குப் பின்வந்தோரும் கண்டறிந்தவற்றின் சுருக்கம் வருமாறு:

அவ்வுண்ணி ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பிராணியைப் பற்றி உண்டு, பின் உதிர்ந்துவிடும். ஆறுகாற் குஞ்சாகவும் எட்டுக்கால் இளம் உண்ணியாகவும் உள்ளபோது, தரையை ஒட்டித் திரியுமாதலின், வளைதோண்டி வாழும் தரையணில், வரியணில், சுண்டெலி முதலிய சிற்றுயிர்களையே நாடும். முதிர்ந்தபின் மாடு, குதிரை, மான் முதலியவற்றையும், எதிர்ப்பட்டால் மனிதனையும் பற்றும். பனி உருகியதும் தரையணில் நெடுந்துயில் நீங்கி வெளிவரும். உண்ணியும் அவ்வமயமே வெளிப்படும். வெயில் முற்றி ஈரம் வற்றினால், உடல் உலர்ந்து மாளாதிருக்க முதிர்ந்த உண்ணி சருகினடியில் ஒடுங்கும். குளிர் மிகுந்து கோடை குறுகிய இடங்களில் ஓர் உண்ணி முதிர இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகும். ஆகவே ஜுரத்தின் பருவம் உண்ணியின் பருவமேயாம்.

கிழக்குக் கரையிலும் உண்ணிகள் உண்டு. ஆயினும் அங்குள்ளவற்றுட் பலவற்றில் தீங்கற்ற வேறொரு கிருமி குடியிருந்து, கொடிய கிருமி முட்டை வழியே தொடராதபடி தடுக்கின்றது என்பது 1981இல் வெளியாயிற்று. ரிக்கெட்ஸ் அதை அறிய வாழ்ந்திலர்.

1909ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மெக்ஸிகோ நகரஞ் சென்று, புள்ளி ஜுரத்தை ஒத்த டைபஸ் ஜுரத்தை ஆராயலானார். அது பேனினாற் பரவுதலைத் தம் துணைவர் ரஸ்ஸல் வைல்டருடன் உறுதிசெய்தார். பணி நிறைவுறுந் தறுவாயில் அந்நோயே அவரைப் பற்றிற்று. 1910ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், மனைவியையும் இரு மக்களையும் விடுத்து, 39ஆம் வயதில் உயிர்நீத்தார்.

1916இல் பிரேஸில் நாட்டு அறிஞர் ரோஷ லிமா, டைபஸ் கிருமிக்கு ரிக்கெட்ஸியா என்று அவர் பெயரையே சூட்டினார். அக்கிருமியின் பெயரில் இணைந்துள்ள ப்ரோவாஸெக் என்பாரும் 1915இல் அந்நோய்க்கே இரையானவர். புள்ளி ஜுரத்தின் கிருமியும் இன்று ரிக்கெட்ஸின் பெயராலேயே வழங்குகின்றது. முன்னாளில் தீராதென்று அஞ்சப்பட்ட அந்நோயை, காலந் தாழ்த்தாது டாக்ஸிஸைக்ளின் என்னும் மருந்து கொடுப்பின் இந்நாளில் தணிக்கலாம்.

நோயாளியின் கட்டிலருகே தொடங்கிய அவர் ஆராய்ச்சி, அவன் நடந்த புல்வெளிக்கும், அங்குத் திரியும் அணிலின் வளைக்கும், பனி உருகும் பருவத்திற்கும் அவரை இட்டுச் சென்றது. சிற்றுயிரென்று எதையும் இகழாத அப்பார்வையே எண்ணிறந்தோர் உயிர் காக்க வழிகோலிற்று. கல்வி பயிலும் நாம் அதனை மறத்தலாகாது.