ஏழு குண்டுகளுக்குப் பிறகு 66 ஆண்டுகள்: குன்னூரில் வாழ்ந்த மானெக்‌ஷா

உதகை - குன்னூர் சாலையில், வெலிங்டன் அருகே ஒரு பாலம் இருக்கிறது. 2009-ல் அதற்கு மானெக்‌ஷா பாலம் என்று பெயர் சூட்டினார்கள். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு நீலகிரிக்குப் போகும் நம்மில் பலர் அதைக் கடந்திருப்போம். 1971 போரில் இந்திய இராணுவத்தை வழிநடத்தியவர் என்ற அளவில் அந்தப் பெயரும் நமக்குத் தெரியும். 27 வயதிலேயே பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

சாம் மானெக்‌ஷா 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனுக்கும் இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்க ஆசை. தந்தை அனுப்ப மறுத்தார். அந்தக் கோபத்தில்தான் 1932-ல் டேராடூன் இராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்தார்.

1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியப் படையோடு கடும் சண்டை. இயந்திரத் துப்பாக்கியின் ஏழு குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சேதம். மிலிட்டரி கிராஸ் பதக்கத்தை இறந்தவருக்குத் தர முடியாது என்பதால், தளபதி கோவன் தன் சட்டையிலிருந்த பதக்கப் பட்டையைக் கழற்றி அங்கேயே அவருக்குக் குத்தியதாகச் சொல்வார்கள்.

அவருடைய ஆர்டர்லி ஷேர் சிங் என்ற சீக்கியர் மட்டும் விடவில்லை. தூக்கிச் சென்று மருத்துவரிடம் சேர்த்தார். இனிப் பயனில்லை என்று தயங்கிய மருத்துவரை வற்புறுத்தி அறுவைச் சிகிச்சை செய்ய வைத்தார். என்ன நடந்தது என்று அந்த ஆஸ்திரேலிய மருத்துவர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்‌ஷா. குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தபின் உயிர் தங்கியது. அடுத்த ஆண்டே குவெட்டாவில் அதிகாரிகளுக்கான படிப்பில் சேர்ந்தார். 1944-ல் மீண்டும் அதே பர்மா போர்முனைக்குப் போனார்.

நீலகிரி அவர் வாழ்வில் நுழைந்தது 1959-ல், வெலிங்டன் இராணுவப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக. இங்கே இருந்தபோதுதான் தேச விரோதி என்று குற்றம் சாட்டி அவர்மீது விசாரணை நடத்தினார்கள். நாட்டுக்காக ஏழு குண்டு வாங்கியவரிடம் தேசபக்திக்குச் சான்று கேட்டார்கள்! விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

1971 டிசம்பரில் 13 நாட்களில் போர் முடிந்து, ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாக வந்தபோது அவர்தான் தலைமைத் தளபதி. கைதிகளுக்குத் திருக்குர்ஆன் பிரதிகள் கிடைக்கவும், பெருநாள் கொண்டாடவும், வீட்டுக் கடிதங்கள் வந்துசேரவும் ஏற்பாடு செய்தார். முகாம்களுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அதே போரில் நடந்த இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். வெலிங்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மேஜர் இயான் கார்டோசோவை அவசரமாகக் களத்துக்கு அனுப்பினார்கள். கண்ணிவெடியில் அவர் கால் சிதைந்தது. வலி மருந்து இல்லை. காலை வெட்டச் சொன்னபோது வீரர் தயங்க, குக்ரிக் கத்தியால் தாமே வெட்டினார். பிறகு அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர், கைதியாகப் பிடிபட்டிருந்த பாகிஸ்தான் இராணுவ மருத்துவர் மேஜர் முஹம்மது பஷீர். கார்டோசோ செயற்கைக் காலோடு உடற்தகுதித் தேர்வுகளில் வென்று, காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றார். காலிழந்த ஓர் அதிகாரிக்கு அந்தப் பொறுப்பு கிடைத்தது அதுவே முதல்முறை.

1973 ஜனவரியில் மானெக்‌ஷா ஃபீல்டு மார்ஷல் ஆனார். அந்த மாதமே ஓய்வு பெற்றுக் குன்னூரில் குடியேறினார். ஃபீல்டு மார்ஷலுக்குரிய ஊதியம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முழுதாக வரவில்லை. 2007-ல் குடியரசுத் தலைவராக இருந்த மர்ஹூம் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் வெலிங்டனில் அவரைச் சந்தித்த பிறகுதான் சுமார் 1.3 கோடி ரூபாய் நிலுவைக்குக் காசோலை வந்தது. அப்போது அவருக்கு வயது 93. தாமதமான நீதிக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

2008 ஜூன் 27 நள்ளிரவுக்குப் பின் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில், நிமோனியாவால் காலமானார். இறுதிச் சடங்குக்குக் குடியரசுத் தலைவரோ பிரதமரோ வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. உதகையில் உள்ள பார்சி அடக்கத்தலத்தில், மனைவி சில்லூவின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.