முத்து ஏன் திடீர்னு காணாமல் போகிறது? விடை தேடி மன்னார் வளைகுடாவுக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் யார்?

நாசரேத், திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவர் கடல் உயிரியல் படிக்கணும்னு ஆசைப்பட்டால், இன்று அதற்கு வழி இருக்கிறது. தூத்துக்குடியிலேயே 1977ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் இருக்கிறது.

120 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் இப்படி எதுவுமே கிடையாது. அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல். இவர் யார்? என்ன கண்டுபிடித்தார்? எங்கே சறுக்கினார்?

மாணவர்களுக்கு ஸ்லைடு விற்றவர்

ஹார்னெல் 1865ல் பிறந்த ஆங்கிலேயர். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே ஜெர்சி என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. 1890களில் அங்கே தன் மாமனார் ஜோசப் சினெலுடன் சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையம் நடத்தினார்.

கடல் உயிரினங்களைப் பதப்படுத்தி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடுகளாகத் தயாரித்து விற்பதும் அந்த நிலையத்தின் வேலைகளில் ஒன்று. வாங்கியவர்களில் கடல் உயிரியல் படிக்கும் மாணவர்களும் உண்டு. இதற்காக ஒரு இதழும் நடத்தினார். கடல் உயிரியல் தனித் துறையாக வளரத் தொடங்கிய காலம் அது.

அரசுக்கு என்ன பிரச்னை?

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறைத் திட்டுகளில் வளர்கின்றன. கடலோர மக்கள் இவற்றை 'பார்' என்பார்கள். சிப்பி நன்றாக விளைந்த ஆண்டில் அரசு முத்துக்குளிக்க அனுமதி தரும். இதற்குப் பெயர் சலாபம்.

ஆனால் சலாபம் ஆண்டுதோறும் நடக்காது. ஒரு வருஷம் பார் முழுக்க இளம் சிப்பி இருக்கும். அடுத்த முறை போய்ப் பார்த்தால் வெறும் மணல்தான். பல ஆண்டுகள் ஒன்றுமே கிடைக்காது. இதனால் அரசு வருமானமும் போனது, குளிப்பவர்களின் பிழைப்பும் போனது.

காரணம் கண்டுபிடிக்க இலங்கையின் பிரிட்டிஷ் அரசு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை அழைத்தது. பிற்காலத்தில், 1919ல், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் கடலியல் துறையை உருவாக்கியவர் இவர்தான். 1902ல் இலங்கை வந்த ஹெர்ட்மேன், உதவிக்கு ஹார்னெலையும் அழைத்து வந்தார். சில மாதங்களில் பேராசிரியர் ஊர் திரும்பிவிட்டார். கடலில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் ஹார்னெல்.

பாரில் என்ன பார்த்தார்கள்?

சிப்பி அழிவதற்கு ஒரே காரணம் என்று எதுவும் இல்லை, பல காரணங்கள் உண்டு என்பது தெரிந்தது. பருவக்காற்று காலத்தில் நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து பாரை மூடிவிடும். திருக்கை, கிளாத்தி போன்ற மீன்கள் சிப்பியை உடைத்துத் தின்னும். நட்சத்திர மீன் தாக்கும். ஓட்டைத் துளைக்கும் நத்தைகளும் உண்டு. 'சூரன்' என்று மீனவர்கள் சொல்லும் சிறிய மட்டி, பாய் விரித்த மாதிரி படர்ந்து இளம் சிப்பிகளை மூச்சுத் திணற வைக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. சிப்பியின் குஞ்சுகள் முதல் சில வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்தே திரியும். அவை எங்கே போய் ஒட்டும் என்பதை யாராலும் தீர்மானிக்க முடியாது. தாய்ச் சிப்பி இருக்கும் பாரிலேயே குஞ்சும் வளரும் என்று உறுதி கிடையாது.

மணல் மூடும் பாரிலிருந்து இளம் சிப்பிகளை எடுத்து, பாதுகாப்பான பாரில் விட வேண்டும் என்பது இவர்கள் சொன்ன முக்கிய யோசனை. இந்த ஆய்வை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை 5 தொகுதிகளாக வெளியிட்டது.

முத்து உருவாவது எப்படி?

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது நம்மூர் பழைய நம்பிக்கை. மணல் துகள்தான் காரணம் என்று சிலர் நம்பினார்கள். ஒரு நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுவதால்தான் நல்ல முத்து உருவாகிறது என்று ஹெர்ட்மேனும் ஹார்னெலும் கருதினார்கள். சிப்பியைத் தின்னும் திருக்கையின் உடலில் அந்தப் புழு முழு வளர்ச்சி அடைகிறது என்றும் நினைத்தார்கள்.

இந்தக் கருத்து நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மற்ற விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பினார்கள். சிப்பியின் ஓட்டை உருவாக்கும் மேல்தோல் செல்கள் உள்ளே போய் ஒரு பை மாதிரி வளர்ந்து, அதற்குள் முத்துப் பூச்சு படிகிறது என்பதே இன்றைய விளக்கம்.

1905ல் கொட்டிய கடல், பிறகு காலி

1905ல் இலங்கைப் பக்கத்தில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. அதைப் பார்த்து, 1906ல் ஒரு தனியார் கம்பெனி 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். அறிவியலும் முதலீடும் சேர்ந்தால் ஆண்டுதோறும் முத்து எடுக்கலாம் என்பது கணக்கு.

ஆனால் 1907க்குப் பிறகு சலாபமே நடக்கவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி மூடப்பட்டது. சிப்பி ஏன் அழிகிறது என்று விஞ்ஞானிகளால் ஓரளவு சொல்ல முடிந்தது. அழியாமல் தடுக்க முடியவில்லை.

இந்தியப் பக்கம் 16 ஆண்டுகள்

இந்தியப் பக்கத்துப் பார்களைப் பற்றி 1905லேயே ஹார்னெல் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை தந்திருந்தார். 1908ல் சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு மீன்பிடிப்புக்குப் பொறுப்பாளரானார். இந்த வேலைக்குத் தூத்துக்குடிதான் மையம். 1918ல் சர் ஃபிரெடரிக் நிக்கல்சனுக்கு அடுத்து மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானார். 1924 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

முத்து கைகொடுக்காத காலத்தில் மற்ற பக்கமும் திரும்பினார். 1914ல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றித் தனி நூல் எழுதினார். தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்கு வங்காளம் போய் வளையலாவது, அங்கே கல்யாணமான பெண்கள் அதை அணிவது எல்லாம் அதில் இருக்கிறது. கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிப்போன பழைய துறைமுகம் கொற்கையில், அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். சங்கு அறுக்கும் தொழில் ஒரு காலத்தில் இங்கேயும் நடந்தது என்பதற்கு அது சான்று.

மேற்குக் கடற்கரையில் மத்தி மீன் ஏன் ஒரு வருஷம் குவிகிறது, ஒரு வருஷம் வருவதில்லை என்றும் ஆராய்ந்தார். ராமசாமி நாயுடு என்ற இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து அவர் எழுதிய மத்தி ஆய்வு, அந்த மீனைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று.

கட்டுமரம், தோணி, வள்ளம் என நம் கடற்கரைப் படகுகளைப் பற்றி 1920ல் எழுதினார். தென்னிந்தியப் படகு வடிவங்களுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் தொடர்பு உண்டு என்றார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் இன்று காணக் கிடைக்காத பல படகுகளின் விவரம் அந்த எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் கடலோர மக்களின் அறிவு இருந்தது. எந்தப் பார் எங்கே இருக்கிறது, எந்த மாதம் தண்ணீர் தெளியும், சூரன் எங்கே படரும் என்பதெல்லாம் பரதவர்களும் இஸ்லாமியக் குளியாளிகளும் தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்தவை. அறிக்கைகளில் அவர்கள் சொன்ன சொற்கள் இருக்கின்றன. பெயர்கள் அதிகம் இல்லை. ஆய்வின் நோக்கமும் முதலில் அரசு வருமானம்தான். 1905 இலங்கைச் சலாபத்தில் மூச்சைப் பிடித்துக் குளித்தவர்களுக்குக் கிடைத்தது சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் அரசுக்கு.

பிறகு என்ன ஆனது?

ஹார்னெல் 1924ல் ஓய்வு பெற்று, பசிபிக் கடல் ஆய்வுப் பயணம் ஒன்றில் சேர்ந்தார். அவர் போன இரண்டே ஆண்டில், 1926 முதல் 1928 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து சலாபம் நடந்தது! உலகப் படகுகளின் வரலாற்றை 1946ல் பெரிய நூலாக வெளியிட்ட அவர், 1949ல் காலமானார்.

தூத்துக்குடியில் பிறகு 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதோடு சரி. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமி, தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சிப்பியின் மேல்தோல் துண்டை ஒரு சின்ன மணியோடு சேர்த்து உள்ளே வைக்கும் முறை அது. புழுவுக்கு அதில் வேலையே இல்லை.

ஹார்னெலின் புழு விளக்கம் கைவிடப்பட்டது. ஆனால் எந்தப் பாரில் எந்த ஆண்டு சிப்பி இருந்தது, எப்போது காலியானது என்று அவர் 1922ல் தொகுத்த பதிவுகள் இப்போதும் பயன்படுகின்றன. பவளப்பாறை வெளுப்பு, கடல் சூடாவது பற்றி இன்று மன்னார் வளைகுடாவில் ஆராயும் மாணவர்களுக்கு, அந்தக் காலத்தில் இந்தக் கடல் எப்படி இருந்தது என்று ஒப்பிட இது போன்ற பழைய கணக்குகள் வேண்டும். அவர்களும் ஒரு வருஷ முடிவை வைத்துக் கடலைக் கணிக்க முடியாது. பல ஆண்டுகள் தொடர்ந்து எண்ணி எழுதி வைக்க வேண்டும்.