கிள்ளான் சதுப்பு நிலமும் ஒரு மருத்துவரும்

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்தபோது எங்கள் குழு ஓர் ஆய்வுத் திட்டத்தைச் செய்து முடித்தது. மழைநீர் வடிகாலில் நீர் தேங்காமல் ஓடுவதற்கான சிறு அமைப்பு அது. கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. படம் எடுத்துக்கொண்டோம். அறிக்கையைத் தடித்த அட்டை போட்டுக் கட்டி ஒப்படைத்தோம். அதோடு சரி. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, நாங்கள் செய்த மாதிரி, அலமாரியின் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது. எந்த வடிகாலிலும் அது இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைத் துரத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் அறிவு மக்களின் வாசலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ஆய்வு மேலாண்மை அலுவலகம், காப்புரிமை, தொழில்நுட்பப் பரிமாற்றம், வணிகமயமாக்கல் என்று இன்று நம் பல்கலைக்கழகங்களில் பல சொற்கள் புழங்குகின்றன. ஆனால் இச்சொற்கள் எதுவும் இல்லாத ஒரு காலத்தில், நான் பிறந்து வளர்ந்த கிள்ளானிலேயே இக்கேள்விக்கு ஒருவர் விடை கண்டிருக்கிறார். அவர் பொறியியலாளர் அல்லர், மருத்துவர். பெயர் மால்கம் வாட்சன்.

காய்ச்சலில் மூழ்கிய ஊர்

வாட்சன் 1873இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1900இல் மலாயா மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

அன்றைய கிள்ளான் ஒரு சிற்றூர். மூவாயிரத்துச் சொச்சம் மக்கள். சுற்றிலும் சதுப்பு நிலம், காடு. ஆற்றின் முகத்துவாரத்தில், கண்டல் காட்டை வெட்டிப் புதிய துறைமுகம் ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கோலாலம்பூரிலிருந்து வரும் இரயில் பாதையின் முனையாகவும் சிலாங்கூர் ஈயத்தின் வாசலாகவும் அது அமைய வேண்டும் என்பது அரசின் திட்டம். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியதும் இதே துறைமுகம்தான். நம் முன்னோர் பலர் கப்பலை விட்டு இறங்கிக் கால் பதித்த மண் அது.

திறந்த சில வாரங்களிலேயே மலேரியா கொள்ளைநோயாகப் பரவியது. துறைமுகத் தொழிலாளர்களும் இரயில்வே ஊழியர்களும் அரசுப் பணியாளர்களும் வரிசையாகப் படுத்தார்கள். கிள்ளான் நகரிலும் இதே நிலைதான். வாட்சனின் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. பெரும் செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட அதிகாரிகள் யோசித்தார்கள்.

நான்கு ஆண்டுப் பழமையான ஆய்வு

இங்கே நாம் சற்றே இந்தியாவுக்குச் சென்று வர வேண்டும். 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் ஒரு கொசுவின் வயிற்றைப் பிளந்து, உருப்பெருக்கியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். கெட்ட காற்றால் வருவது என்று காலங்காலமாக நம்பப்பட்ட நோய், அனோஃபிலிஸ் கொசுவால் பரவுகிறது என்பது அதன் வழியே நிலைநாட்டப்பட்டது. 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார்.

கண்டுபிடிப்பு கையில் இருந்தது. அதை வைத்து ஓர் ஊரைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் தெரியவில்லை. லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் இராணுவக் குடியிருப்பில், 1900களின் தொடக்கத்தில் கொசு ஒழிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. கொசுவை ஒழித்து மலேரியாவைத் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற எண்ணம் இந்தியாவின் மருத்துவ அதிகாரிகளிடையே வேரூன்றியது.

கிள்ளானில் வாட்சன் நம்பிக்கை இழக்கவில்லை. கொய்னா மாத்திரை கொடுத்து நோயாளியைத் தேற்றி அனுப்பினால், அவர் திரும்பிப் போவது அதே சதுப்புக்குத்தான் என்பதை அவர் கண்டார். நோயாளிக்கு மட்டுமன்றி நிலத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று முடிவு செய்தார். சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். நகரைச் சூழ்ந்த காட்டை வெட்டுவது, சதுப்பை வடிப்பது, பள்ளங்களை மண்ணிட்டு நிரப்புவது, துறைமுகத்தில் கடல்நீர் உட்புகாதபடி கரை எழுப்பி உள்நீரை வெளியேற்றுவது என்று திட்டம் வகுக்கப்பட்டது. அரசு பணம் ஒதுக்கியது. பொறியியலாளர்கள் அளந்து கொடுத்தார்கள். தொழிலாளர்கள் மண்வெட்டி பிடித்தார்கள்.

எண்கள் சொன்ன உண்மை

வாட்சனிடம் நான் மிகவும் மதிக்கும் பண்பு, அவர் கணக்கு வைத்த முறை. வேலை தொடங்கும் முன்பே எண்ணத் தொடங்கினார். முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. 1901இல் கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர். 1902இல் அது 129 ஆனது. 1903இல் 48; 1904இல் 28; 1905இல் 12. துறைமுகத்தில் 188ஆக இருந்தது 1905இல் 11ஆகக் குறைந்தது.

இயற்கையாகவே நோய் தணிந்திருக்கலாமே என்று ஐயம் எழுப்புவோர் எக்காலத்திலும் உண்டு. அதற்கும் அவரிடம் விடை இருந்தது. வடிகால் வெட்டப்படாத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளையும் அவர் தனியே கணக்கிட்டிருந்தார். 1901இல் 197ஆக இருந்த அந்த எண்ணிக்கை 1905இல் 353ஆக உயர்ந்திருந்தது. ஒப்பீட்டுக்கு ஒரு பகுதி வேண்டும் என்று இன்று நம் விரிவுரையாளர்கள் வலியுறுத்துவதை அவர் அன்றே செய்துவிட்டார். ராஸ் இந்த முடிவுகளைக் கண்டு மகிழ்ந்து உலகறியப் போற்றினார். துறைமுகம் மூடப்படவில்லை.

மேட்டு நிலம் தந்த பாடம்

கதை இத்துடன் முடிந்திருந்தால், இது வழக்கமான ஒரு வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் பாடம் இனிமேல்தான் வருகிறது.

ரப்பர் விலை ஏறிய காலம் அது. சிலாங்கூர் எங்கும் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆயிரமாயிரம் பேரை அழைத்து வந்தார்கள். வாட்சன் அரசுப் பணியை விட்டு விலகி, கிள்ளானிலேயே இருந்துகொண்டு தோட்டங்களுக்கு மருத்துவரானார். லயன் வீடுகளுக்குப் போய், குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதே அந்தத் தோட்டத்தின் மலேரியா அளவு. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நம் குழந்தைகள்.

சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டி வடிகால் போட்டதும் காய்ச்சல் குறைந்தது. அதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களிலும் செய்தார்கள். அங்கே காய்ச்சல் கூடியது! பள்ளத்தாக்கைத் துப்புரவாக்கி, தெளிந்த நீரோடையாக மாற்றிய இடத்தில்தான் சாவு மிகுந்தது.

காரணம் கொசுவின் இனம். சமவெளியில் நோய் பரப்பியது அனோஃபிலிஸ் அம்ப்ரோசஸ். அதற்குக் காட்டு நிழலில் தேங்கிய நீர் வேண்டும். வெயில் பட்டால் வாழாது. மேட்டு நிலத்தில் நோய் பரப்பியதோ அனோஃபிலிஸ் மாக்குலேட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓட்டநீரில்தான் முட்டையிடும். ஓர் இனத்தை அழித்த அதே வடிகால், இன்னோர் இனத்துக்குத் தொட்டிலாகிவிட்டது. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தில் லெஸ்டர், ஸ்டான்டன் முதலியோர் மலாயாக் கொசுக்களை இனம் இனமாகப் பிரித்து ஆராய்ந்தது இங்கே பேருதவியாக இருந்தது.

வாட்சன் தம் முறை தவறியதை மூடி மறைக்கவில்லை. மாற்று வழி தேடினார். மேட்டு நிலத்தில் திறந்த வாய்க்காலுக்குப் பதிலாக மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதிக்கச் செய்தார். நீர் நிலத்தடியில் ஓடியது. கொசுவுக்கு இடமில்லாமல் போனது. இன்றைய சுபாங் ஜெயா வட்டாரத்தில் இருந்த சீஃபீல்டு தோட்டம் இப்படிக் குழாய் பதிக்கப்பட்ட தோட்டங்களுள் ஒன்று. பின்னர் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறையும் சேர்ந்தது. எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை. நோய் பரப்பும் இனத்தை அறிந்து, அதன் பிறப்பிடத்தை மட்டும் கெடுத்தால் போதும் என்ற கொள்கை இப்படித்தான் உருவானது. டச்சு இந்தியத் தீவுகளின் ஆய்வாளர்களும் இதைக் கற்றுப் பின்பற்றினார்கள்.

1911இல் வாட்சன் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு சிங்கப்பூர் அவரை அழைத்து, தெலுக் பிளாங்காவில் வடிகால் பணிக்கு ஆலோசனை பெற்றது. மருத்துவரும் பொறியியலாளரும் நிர்வாகியும் ஒரே மேசையில் அமரும் வகையில் மலாயாவில் மலேரியா ஆலோசனை வாரியமும் அமைந்தது. 1924இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1928இல் இலண்டன் ராஸ் கழகத்துக்குச் சென்று, ஆப்பிரிக்கச் செப்புச் சுரங்கப் பகுதிகளுக்கும் கிள்ளானில் கற்றதைக் கொண்டு சேர்த்தார். 1955இல் காலமானார்.

யார் வெட்டிய வடிகால்?

வாட்சனைத் தெய்வமாக்குவது என் நோக்கமன்று. தோட்ட முதலாளிகள் குழாய்க்குப் பணம் கொடுத்தது கருணையால் மட்டுமல்ல. நோயாளியான தொழிலாளி பால் வெட்ட மாட்டான். சாவு மிகுந்த தோட்டத்துக்குப் புதிய ஆள் வரமாட்டான். இந்தக் கணக்கும் அதில் இருந்தது. வாட்சன் அக்கணக்கை நன்கு அறிந்து, அதையே தம் வாதமாக்கினார். கணக்குப் பார்த்துத் தயங்கிய தோட்டங்களில் மக்கள் தொடர்ந்து இறந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

சதுப்பில் இறங்கி வாய்க்கால் வெட்டியவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. என் கொள்ளுப்பாட்டி இரண்டு பிள்ளைகளைக் குளிர்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர் என்று பாட்டி சொல்வார். மூன்றாவதாகப் பிறந்து பிழைத்தவர் என் தாத்தா. அவர் பிழைத்ததற்கு எந்தக் குழாய் காரணம், எந்த வாய்க்கால் காரணம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் செகந்திராபாத்தின் ஓர் உருப்பெருக்கிக்கும் கிள்ளானின் ஒரு லயன் வீட்டுக்கும் இடையே யாரோ பாலம் போட்டதால்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நமக்கு எஞ்சும் பாடம்

மலேசியாவில் 2018 முதல் பல ஆண்டுகளாக, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து பரவும் நோலேசி வகை மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது. டிங்கியோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியையும் விடுவதில்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரே போதும். இனம் மாறினால் முறையும் மாற வேண்டும் என்ற பாடம் இன்றும் அப்படியே இருக்கிறது.

தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பது ஓரிடத்தில் வென்றதை இன்னோரிடத்தில் அப்படியே ஒட்டுவதன்று என்பதை வாட்சனிடம் கற்றேன். அளக்க வேண்டும், ஒப்பிட வேண்டும், தவறினால் ஒப்புக்கொண்டு திருத்த வேண்டும். ஆய்வுக்கூடமும் பொறியியலாளரும் பணம் தருபவரும் ஒன்றுகூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு செய்பவன் லயன் வீட்டு வாசல்வரை நடந்து போக வேண்டும்.

எங்கள் குழு அந்த வாசலுக்குப் போகவே இல்லை. நீர் தேங்கும் வடிகால் எங்கே இருக்கிறது, அதனருகே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. பதக்கம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். இறுதியாண்டுத் திட்டத்தைத் தொடங்கவிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை வெளியே நடந்து வாருங்கள். உங்கள் ஆய்வு அலமாரியில் தூங்கக் கூடாது.