அன்பின் ஆடை தந்த அன்னை எலிசபெத் பிரை



நம் நாட்டில் குளிர்காலம் என்பதே இல்லை. விடியற்காலையில் ரப்பர் மரம் சீவவும் செம்பனை அறுக்கவும் செல்வோர் உணரும் சிறு குளிரும், அடைமழை நாளில் வீசும் ஈரக்காற்றும்தான் நாம் அறிந்த குளிர். ஆதலால், ஆடையின்றி ஒரு குழந்தை நடுங்குவது எத்துணைக் கொடுமை என்பதை நாம் எளிதில் உணர்வதில்லை. பனி பெய்யும் நாடுகளிலோ கம்பளியாடை என்பது அழகுக்காக அன்று. உயிர் காக்கும் கவசமாகும்.

இன்று பல நாடுகளில் பாட்டிமாரும் இளம்பெண்களும் ஓய்வு நேரத்தில் கம்பளி நூலால் தொப்பி, காலுறை, மேற்சட்டை முதலியவற்றைப் பின்னி, கடல் கடந்த நாடுகளில் வாடும் முகமறியாக் குழந்தைகளுக்கு அனுப்பி வருகின்றனர். இத்தகைய தொண்டுள்ளத்துடன் 200 ஆண்டுகளுக்கு முன்பே ஊசியும் நூலும் ஏந்திய ஓர் அம்மையாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் காண்போம். அவரே எலிசபெத் பிரை அம்மையார்.

எலிசபெத், 1780-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தார். கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம் அது. தந்தையார் ஜான் கர்னி வங்கித் தொழில் நடத்திய செல்வர். எளிமையையும் அமைதியையும் போற்றும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது அக்குடும்பம். உடன் பிறந்தோர் பலர். எலிசபெத்துக்கு 12 வயதானபோது அன்புத் தாயாரை இழந்தார்.

சிறு வயதில் அவர் இருளைக் கண்டால் அஞ்சுவார். கடலைக் கண்டாலும் நடுங்குவார். பாடங்களில் பின்தங்கியிருந்தார், எழுத்துப் பிழைகள் மலிய எழுதுவார். அவரை மந்தமான பிள்ளை என்றே பலரும் கருதினர். ஆசிரியராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பயிற்சிக் கல்லூரியில் கற்றதையெல்லாம் மறந்து, மெல்லக் கற்கும் மாணவரைக் கடிந்துகொண்ட நாள்கள் நம் வாழ்விலும் உண்டு. எந்தப் பிள்ளையின் உள்ளத்தில் எந்த விளக்கு எரியக் காத்திருக்கின்றது என்பதை யார் அறிவார்?

எலிசபெத்தின் உள்ளத்தில் அவ்விளக்கு 17-ஆம் வயதில் ஏற்றப்பட்டது. 1798-ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்னும் சமயப் பெரியார் நார்விச்சில் ஆற்றிய உரை அவருடைய வாழ்வையே மாற்றியது. ஆடல் பாடல்களை விட்டு, ஏழைகளின் இல்லங்களை நாடிச் சென்றார். ஏழைச் சிறுவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்து எழுத்தறிவித்தார். நாளடைவில் அவ்வகுப்பில் 70 பேர் வரை சேர்ந்தனர்.

1800-ஆம் ஆண்டில் ஜோசப் பிரை என்பவரை மணந்து இலண்டன் மாநகருக்குக் குடிபெயர்ந்தார். அவருக்கு 11 குழந்தைகள் பிறந்தனர். இத்துணைப் பெரிய குடும்பத்தைப் பேணிய நிலையிலும், பின்னர் வாழ்ந்த பிளாஷெட் என்னும் ஊரில் சிறுமியர்க்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். குளிர்காலத்தில் ஏழைகளுக்கு வழங்கத் துணிகளையும் மருந்துகளையும் சேமித்து வைத்தார்.

1813-ஆம் ஆண்டின் கடுங்குளிர் நாள் ஒன்றில், ஸ்டீபன் கிரெலெட் என்னும் சமயத் தொண்டர் அவரைத் தேடி வந்தார். பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். இலண்டனின் நியூகேட் சிறைச்சாலையில் பெண்கள் பகுதியைப் பார்த்துவிட்டுக் கலங்கிய நெஞ்சோடு வந்திருந்தார். நோயுற்ற பெண்கள் வெறுந்தரையிலும் பழைய வைக்கோலிலும் கிடந்ததையும், சிறையிலேயே பிறந்த பச்சிளங் குழந்தைகள் ஏறக்குறைய ஆடையே இன்றி நடுங்கியதையும் எடுத்துரைத்தார்.

கேட்ட அம்மையார் கண்ணீர் விட்டதோடு நின்றாரில்லை. உடனே பிளானல் துணி வாங்கினார். தம் தோழியரை அழைத்தார். அனைவரும் அமர்ந்து குழந்தைகளுக்கான சிறு சட்டைகளைத் தைத்தனர். மறுநாளே அவற்றைச் சுமந்துகொண்டு ஒரு தோழியுடன் சிறை வாயிலில் போய் நின்றார் அம்மையார்.

சிறைக் காவலரே உள்ளே செல்லத் தயங்கிய இடம் அது. ஏறக்குறைய 300 பெண்கள் தங்கள் குழந்தைகளுடன் அங்கே அடைபட்டுக் கிடந்தனர். சமையல், உறக்கம், சண்டை, அழுகை அனைத்தும் ஒரே இடத்தில்! இறந்துபோன ஒரு குழந்தையின் ஆடையைக் கழற்றி, உயிரோடிருந்த மற்றொரு குழந்தைக்கு அணிவித்துக்கொண்டிருந்த காட்சியையும் அம்மையார் கண்டார். மாணவர்களே, ஒரு சிறு சட்டைக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! சிறு வயதில் இருளைக் கண்டு அஞ்சிய அப்பெண்மணி, அந்த இருட்டறைக்குள் அஞ்சாது நடந்து, தம் கையாலேயே அக்குழந்தைகளுக்கு ஆடை உடுத்தினார்.

அதன்பின் சில ஆண்டுகள் குடும்பத் துன்பங்கள் அவரைத் தடுத்தன. பெற்ற மகள்களுள் ஒருத்தி ஐந்து வயது நிறையுமுன் இறந்தாள். அத்துயரைத் தாங்கிக்கொண்டு, 1816-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நியூகேட்டுக்குச் சென்றார். ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இக்குழந்தைகளுக்காக நாம் ஏதேனும் செய்ய வேண்டாவா என்று தாய்மாரை வினவினார். கல்லாயிருந்த நெஞ்சங்கள் கரைந்தன. சிறையினுள்ளேயே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. கைக்கடிகாரம் திருடியதற்காகத் தண்டனை பெற்றிருந்த மேரி கானர் என்னும் இளம்பெண்ணை, ஆசிரியையாகக் கைதிகளே தேர்ந்தெடுத்தனர்.

இடமோ சிறிது, 30 பேருக்குமேல் அமர இயலவில்லை. வாயிலில் கூடிய பெண்கள் தங்களுக்கும் கற்பிக்குமாறு கெஞ்சினர். அவர்களுக்கு ஒரு தொழில் வேண்டும் என்று உணர்ந்த அம்மையார், 1817-ஆம் ஆண்டு ஏப்ரலில், நியூகேட் பெண் கைதிகளின் மேம்பாட்டுக்கான சங்கத்தைத் தோழியர் சிலருடன் அமைத்தார். துணியைக் கொடுத்தால் திருடுவார்கள், ஊசியைக் கொடுத்தால் குத்திக்கொள்வார்கள் என்று அதிகாரிகள் ஐயுற்றனர். அம்மையாரோ நம்பினார். நம்பிக்கை வீண்போகவில்லை.

12 பேருக்கு ஒரு தலைவி என்ற முறையில் பெண்கள் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு விதியும் அவர்கள் முன்னிலையில் படிக்கப்பட்டு, அவர்கள் கையுயர்த்தி இசைந்த பின்னரே நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய பத்து மாதங்களில் அப்பெண்கள் சுமார் 20,000 ஆடைகளைத் தைத்து முடித்தனர். அத்துடன் மாதந்தோறும் 60 முதல் 100 இணை காலுறைகள் வரை பின்னினர். கிடைத்த சிறு கூலியிலிருந்து ஒரு பகுதியைத் தங்கள் உடைக்காகத் தாங்களே செலுத்தினர். சண்டைக்கு உயர்ந்த கைகள் பின்னலூசி பிடித்தன! பார்வையிட வந்த இலண்டன் மாநகரத் தலைவர் வியந்து நின்றார். 1818-ஆம் ஆண்டில் அம்மையார் நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றித் தாம் கண்ட உண்மைகளை எடுத்துரைத்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கைதிகள் தொலைதூர ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் கடத்தப்பட்டனர். இந்தியாவிலிருந்து கைதிகள் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டதும் அக்காலத்தில்தான். பெண் கைதிகளைத் திறந்த வண்டிகளில் ஏற்றி, தெருவில் கூடியோர் ஏளனம் செய்ய, துறைமுகத்துக்குக் கொண்டு செல்வது வழக்கம். மூடிய வண்டிகளில் அவர்களை அனுப்ப ஏற்பாடு செய்த அம்மையார், தாமும் உடன் சென்றார். 1818-ஆம் ஆண்டில் மரியா என்னும் கப்பலில் சென்ற 128 பெண்களுக்கும் தையல் வேலை ஏற்பாடு செய்தார். உடன் சென்ற குழந்தைகளுக்காகக் கப்பலின் ஒரு மூலையில் சிறு பள்ளி அமைந்தது.

பின்னாளில் சென்ற கப்பல்களிலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊசிகள், நூலுருண்டைகள், கத்தரிக்கோல், துண்டுத் துணிகள் அடங்கிய பை வழங்கப்பட்டது. 1841-இல் ராஜா என்னும் கப்பலில் சென்ற பெண்கள், 2,815 துண்டுத் துணிகளை இணைத்து ஒரு பெரும் போர்வையைத் தைத்து முடித்தனர். அப்போர்வை இன்று ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. கழிவென்று ஒதுக்கப்பட்ட துணித்துண்டுகளும், கழிவென்று ஒதுக்கப்பட்ட பெண்களும் சேர்ந்து உருவாக்கிய கலைச்செல்வம் அது.

அம்மையாரின் முயற்சி அனைத்தும் வென்றதாக எண்ண வேண்டா. கள்ள நோட்டைச் செலவிட்ட குற்றத்திற்காக ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, உள்துறை அமைச்சர் வரை சென்று மன்றாடினார். பயனில்லை, 1818-இல் அப்பெண் தூக்கிலிடப்பட்டாள். 1828-இல் கணவரின் வங்கி நொடித்தது. பிளாஷெட் இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. தம் பிள்ளைகளைக் கவனியாது ஊர்ப்பணி செய்கின்றார் என்று பழித்தோரும் இருந்தனர். எனினும் அவர் கை ஓயவில்லை. 1819-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு சிறுவன் தெருவில் விறைத்து இறந்ததை அறிந்து, வீடற்றோர்க்கு இரவு விடுதி அமைக்க முன்னின்றார். 1840-இல் செவிலியர் பயிற்சி நிலையம் ஒன்றையும் நிறுவினார். பெண் கைதிகளைப் பெண் காவலரே கண்காணிக்க வேண்டும் என்பது 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

1845-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், தம் 65-ஆம் வயதில், அம்மையார் இவ்வுலகை நீத்தார். 2002 முதல் 2017 வரை இங்கிலாந்தின் ஐந்து பவுன் நோட்டில் அவர் திருவுருவம் இடம்பெற்றது. கள்ள நோட்டுக்காக ஒரு பெண் உயிரிழந்த நாட்டில், அவளுக்காக மன்றாடியவரின் முகம் நோட்டிலே பொறிக்கப்பட்டது. காலம் அவருக்குத் தந்த மறுமொழி அது எனலாம்.

மாணவச் செல்வங்களே! அம்மையார் நியூகேட்டுக்கு முதலில் கொண்டு சென்றது பெருஞ்செல்வம் அன்று. கையால் தைத்த சில சிறு சட்டைகளே. அக்குழந்தைகளின் தாய்மார் குற்றவாளிகளா என்று அவர் கேட்கவில்லை. குழந்தைகள் குளிரில் நடுங்குகின்றனர் என்பது ஒன்றே அவருக்குப் போதுமானதாயிற்று. நம் பள்ளியிலும் கைவேலைப் பாடத்தில் எஞ்சிய நூலுருண்டைகள் அலமாரியில் உறங்குகின்றன. அவற்றை எடுத்துப் பின்னக் கற்போம். முதல் தொப்பி கோணலாக வரலாம். மூன்றாவது தொப்பி ஒரு குழந்தையின் தலைக்குப் பொருந்தும். நாம் காணாத ஊரில், நாம் அறியாத மொழி பேசும் அக்குழந்தை குளிரின்றி உறங்கும் ஓர் இரவு, நம் கல்விக்குக் கிடைத்த நற்சான்றிதழாகும்.

தலைமையாசிரியர்